ஊத்தங்கரைப் பக்கம் சிப்காட் வருமா, அப்பாவின் மாந்தோப்பை விற்கலாமா?

ஊத்தங்கரைக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொழிற்பேட்டைகள் எல்லாம் ஓசூர், சூளகிரி என்று மேற்குப் பக்கமே குவிகின்றன, ரோஜாவும் தக்காளியும் விளைகிற மண்ணை அங்கே எடுக்கிறார்கள், எங்கள் பக்கம் கரடும் தரிசுமாகக் கிடக்கிறதே, இங்கே ஏன் வைப்பதில்லை, இதையெல்லாம் யார் உட்கார்ந்து திட்டமிடுகிறார்கள் என்று கேள்வி. கடைசி வரியில் போகிற போக்கில் இன்னொன்றும் இருக்கிறது. "அடுத்த சிப்காட் இங்கேதான்" என்று ஒரு தரகர் வீட்டுக்கு வந்து போகிறாராம், அப்பாவுக்கு மூன்று ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறதாம். எனக்கென்னவோ அந்தக் கடைசி வரிதான் நிஜக் கேள்வி என்று படுகிறது. முதலில் மற்றதைச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன், ஏனென்றால் மற்றதைப் புரிந்துகொள்ளாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

நான் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் தொழிற்பூங்காக்களுக்கு நில அளவை, மனைப்பிரிவு வரைபடம், சாலை, மழைநீர் வடிகால் என்று வேலை பார்த்தவன். அரசு ஊழியன் அல்ல, அரசுக்கும் தனியாருக்கும் வேலை செய்து கொடுத்த ஆலோசனை நிறுவனங்களில் இருந்தேன். ஒரு தொழிற்பேட்டை எப்படி உருவாகிறது என்பதை வரைபட மேசையிலிருந்தும் வயல் வரப்பிலிருந்தும் பார்த்திருக்கிறேன். அமைச்சரவையில் என்ன பேசுகிறார்கள் என்பது என் எல்லைக்கு வெளியே. சட்டம் பற்றி நான் சொல்வதை ஒரு வக்கீலிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

யார் திட்டமிடுகிறார்கள் என்பதற்கு நேர்மையான பதில், மாவட்டம் முழுவதையும் ஒரே மேசையில் வைத்து யாரும் திட்டமிடுவதில்லை. 1971-இல் தொடங்கிய சிப்காட் என்ற மாநில அரசு நிறுவனம் பெரிய தொழிற்பூங்காக்களைப் பார்க்கிறது. சிறு தொழில்களுக்கு சிட்கோ. பெரிய கூட்டு முயற்சிகளுக்கு டிட்கோ. தகவல் தொழில்நுட்பத்துக்கு எல்காட். இவை போக தனியார் பூங்காக்கள் உண்டு. குருபரப்பள்ளி பக்கம் ஜிஎம்ஆர் நிறுவனத்தின் பூங்கா இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நிலத்தை எடுத்துக் கொடுப்பது வருவாய்த்துறை. ஊருக்கான முழுமைத் திட்டம் நகர் ஊரமைப்புத் துறையின் வேலை, அதுவும் பெரும்பாலும் நகர எல்லையோடு நின்றுவிடும். ஓசூருக்குப் புதுநகர் வளர்ச்சிக் குழுமம் என்று ஒன்று பல காலமாக உண்டு, ஊத்தங்கரைக்கு அது பொருந்தாது. அரசியல் சட்டத்தின் 243-இசட்டி பிரிவு மாவட்டத் திட்டக் குழு என்று ஒன்றை வைத்திருக்கிறது. காகிதத்தில் அதுதான் நீங்கள் தேடுகிற மேசை. ஆனால் நான் வேலை பார்த்த எந்த இடத்தின் கோப்பிலும் அந்தக் குழுவின் கையெழுத்தைப் பார்த்ததில்லை.

அப்படியானால் ஓசூர் எப்படி வந்தது? ஒருவிதத்தில் அது திட்டமிட்டு வந்ததுதான். 1970-களில் அது தர்மபுரி மாவட்டத்தின் ஒரு மூலை, பின்தங்கிய பகுதி என்று சலுகை கிடைத்த ஊர். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல்தான். சலுகைக்காகத்தான் கம்பெனிகள் வந்தன என்று சொல்வார்கள், அது பாதி உண்மை. சலுகை மட்டும் போதும் என்றால் அன்று பின்தங்கிய பகுதி என்று பெயர் வாங்கிய எல்லா ஊரும் ஓசூர் ஆகியிருக்க வேண்டும். மீதிப் பாதி, 40 கிலோமீட்டரில் பெங்களூர். பொறியாளரும் மேலாளரும் அங்கே குடியிருந்துகொண்டு இங்கே வந்து போகலாம். உதிரிபாகம் செய்பவர், பழுது பார்ப்பவர், கருவி செய்து தருபவர் எல்லாம் அங்கே ஏற்கெனவே இருந்தார்கள். உயரமான இடம், குளிர்ந்த காற்று, அதற்குமேல் ரயில் பாதையும் தேசிய நெடுஞ்சாலையும். 1980-இல் டிவிஎஸ் மொபெட்டும் அசோக் லேலண்டும், அதே பத்தாண்டில் டைட்டன் கடிகாரமும் வந்தபின் நிலைமை மாறிவிட்டது. அதற்குப் பிறகு வந்தவன் சலுகைக்காக வரவில்லை, ஏற்கெனவே வந்தவர்களுக்காக வந்தான். தொழில் தொழிலை இழுக்கிறது. இதை எந்த அரசாணையாலும் எளிதில் திருப்ப முடியாது.

ஆனால் "எல்லாம் மேற்கே" என்பதில் ஒரு சின்னத் திருத்தம். உங்கள் பக்கத்துப் போச்சம்பள்ளியை விட்டுவிட்டீர்கள். ஓலா நிறுவனம் 2020 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டு, அடுத்த மாதமே 500 ஏக்கரை வாங்கி, 2021 முடிவதற்குள் ஸ்கூட்டரை வெளியே கொண்டுவந்தது அங்கேதான். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் பேர் போன ஊர் மின்சார ஸ்கூட்டருக்குப் பேர் போன ஊர் ஆனது. பர்கூர் சிப்காட்டில் காலணித் தொழிற்சாலை இருக்கிறது, உங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் அங்கே போகிறார்கள் என்று நினைக்கிறேன். ஆக கிழக்கே தொழிலே இல்லை என்பதல்ல. வேறு வகைத் தொழில், வேறு காரணத்துக்காக வந்திருக்கிறது.

அந்த வேறுபாடு முக்கியம். ஒரு செல்பேசிக் கூடு செய்கிற ஆலைக்கும் ஒரு செருப்பு ஆலைக்கும் இடம் தேடும் முறையே வேறு. கெலமங்கலம் பக்கம் திம்ஜேப்பள்ளியில் டாடா எலக்ட்ரானிக்ஸ் இருப்பதற்குப் பெங்களூர் விமான நிலையமும் பொறியாளர்களும் காரணம். ஆட்களை அது வெளியிலிருந்தும் கொண்டுவருகிறது. ராஞ்சி, ஹசாரிபாக் பக்கத்துப் பழங்குடிப் பெண்கள் 6,000 பேர் அங்கே பயிற்சி பெறுகிறார்கள் என்று 2022-இல் ஒன்றிய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவே மேடையில் சொன்னார். செருப்பு ஆலை நேர்மாறு. அதற்கு ஆயிரக்கணக்கில் கைகள் வேண்டும், விமானம் தேவையில்லை. அது ஆள் இருக்கும் இடத்துக்கே வரும், ஐம்பது கிலோமீட்டர் சுற்றளவில் பேருந்து அனுப்பி அதிகாலையில் அள்ளிக்கொண்டு போகும். செய்யாறிலும் பர்கூரிலும் காலணித் தொழில் வேர் பிடித்தது இப்படித்தான். அதனால் ஊத்தங்கரைக்கு ஏதாவது வருமென்றால் அது துணி, காலணி, உணவு பதப்படுத்துதல் வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இது என் கணிப்பு மட்டும்தான். ஆனால் உங்கள் பகுதியில் மாம்பழக் கூழ்த் தொழில் ஏற்கெனவே இருப்பதைப் பார்க்கும்போது தவறாகாது என்று நினைக்கிறேன்.

சரி, தரிசு இருக்கும்போது விளைநிலத்தை ஏன் எடுக்கிறார்கள்? இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத விவசாயி இல்லை, ஆரம்பத்தில் எனக்கே இருந்த கேள்வி. பதில் கொஞ்சம் நீளம்.

ஒரு பெரிய தொழிற்பூங்காவுக்கு 500 ஏக்கராவது ஒரே துண்டாக வேண்டும். இப்போதெல்லாம் 1,000, 2,000 என்றுதான் கேட்கிறார்கள். அதில் சாலை, திறந்தவெளி, பசுமைப் பட்டை, துணைமின் நிலையம், கழிவுநீர் நிலையம் எல்லாம் கழிந்து மூன்றில் இரண்டு பங்கு கம்பெனிகளுக்குக் கொடுக்கக் கிடைத்தால் நல்ல வரைபடம் என்போம். அந்த நிலமும் ஏறத்தாழ மட்டமாக இருக்க வேண்டும். ஒரு ஆலைக் கூடத்தின் தரை ஒரே மட்டத்தில் பத்து, இருபது ஏக்கர் ஓடும். நூறு மீட்டருக்கு மூன்று மீட்டர் சரிந்தாலே மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்புகிற செலவு ஏறிவிடும். கிருஷ்ணகிரியில் வெட்டினால் மண் வராது, பாறை வரும். கிரானைட்டுக்குப் பேர் போன மாவட்டம் இது. தரிசு என்று நாம் கைகாட்டுகிற இடம் ஏன் தரிசாக இருக்கிறது? பாறை, சரிவு, மேல்மண் இல்லாமை. விவசாயிக்கு ஆகாத நிலம் பெரும்பாலும் ஆலைக்கும் ஆகாது. மட்டமான, ஆழமான மண்ணுள்ள, சாலைக்குப் பக்கமான நிலம் இருவருக்குமே வேண்டியிருக்கிறது. சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

இரண்டாவது, அரசுப் புறம்போக்கு ஒரே துண்டாகக் கிடைப்பது அபூர்வம். கிராம வரைபடத்தை விரித்தால் இங்கே நான்கு ஏக்கர் மேய்க்கால், அங்கே பன்னிரண்டு ஏக்கர் கல்லாங்குத்து, நடுவே ஓடைப் புறம்போக்கு, ஒரு பக்கம் சுடுகாடு. நடுவில் பட்டா நிலம் இல்லாமல் இவற்றைக் கோக்க முடியாது. மூன்றாவதை நான் மெதுவாகத்தான் கற்றுக்கொண்டேன். கிராமத்தின் நில விவரம் எழுதிய அ-பதிவேட்டில் தரிசு என்று எழுதியிருக்கும், போய்ப் பார்த்தால் நாற்பது வருடமாக யாரோ ராகியும் கொள்ளும் விதைத்துக்கொண்டிருப்பார்கள். பட்டா கிடையாது. பெரும்பாலும் ஊரிலேயே ஏழைக் குடும்பங்கள். "அரசு நிலம்தானே, யாருக்கும் நஷ்டமில்லை" என்று மேசையில் உட்கார்ந்து எழுதிவிடலாம். பட்டாக்காரருக்கு இழப்பீடு கிடைக்கும், அவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. ஆடு மேய்ப்பவர் கணக்கிலேயே வரமாட்டார். அதனால் "தரிசை எடுங்கள், விளைநிலத்தை விடுங்கள்" என்ற முழக்கம் கேட்க நன்றாக இருந்தாலும், அதன் சுமை யார் தலையில் இறங்கும் என்று ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்வது நல்லது.

இதைச் சொல்வதால் சூளகிரிப் பக்கம் நடப்பது சரி என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் ஊராட்சிகளில் 3,000 ஏக்கருக்கு மேல் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து 2023-இல் விவசாயிகள் தொடர்ந்து உட்கார்ந்து போராடினார்கள். அங்கே புதினா, கொத்தமல்லி, முட்டைகோஸ், தக்காளி என்று வருடம் முழுக்க ஏதாவது ஒன்று வண்டி ஏறிக்கொண்டே இருக்கும். ராயக்கோட்டைச் சந்தைக்குப் போய்ப் பார்த்தால் தெரியும். ஓசூரை அடுத்த அமுதகொண்டப்பள்ளியில் ரோஜா ஏற்றுமதிக்கென்று பூங்காவைத் தொடங்கியதே டிட்கோவின் கூட்டு முயற்சிதான். ஒரு கையால் பசுமைக்குடில், இன்னொரு கையால் தொழிற்பேட்டை. பசுமைக்குடில் வேலையும் வேலைதான், அதிலும் நிறையப் பெண்கள் வேலை பார்க்கிறார்கள். ஆனால் "இத்தனை வேலைவாய்ப்பு" என்று அறிவிக்கும்போது எடுத்த நிலத்தில் ஏற்கெனவே இருந்த கூலி வேலையைக் கழித்து எழுதிய திட்ட அறிக்கை ஒன்றையும் நான் பார்த்ததில்லை.

உத்தனப்பள்ளிக்குப் பக்கம் சானமாவு காடு. ராகி முற்றும் பருவத்தில் பன்னார்கட்டா பக்கமிருந்து தேன்கனிக்கோட்டை வழியாக யானைக்கூட்டம் அங்கே வந்து தங்குவது வருடா வருடம் நடக்கிறது. தொழிற்பூங்காவுக்குச் சுற்றுச்சுவர் கட்டினால் யானை நின்றுவிடாது, பக்கத்து ஊருக்குள் போகும். இதெல்லாம் ஒரு இடத்தின் எல்லையை மட்டும் பார்த்துத் திட்டமிட்டால் கண்ணுக்குப் படாது. மாவட்ட வரைபடத்தை வைத்தால்தான் படும். அந்த மேசை இல்லை என்பதுதான் என் பெரிய ஆதங்கம்.

தண்ணீர் விஷயமும் அப்படித்தான். இந்த மாவட்டத்தின் ஆறு தென்பெண்ணை. அது நந்தி மலையில் பிறந்து, பெங்களூரின் சாக்கடையையும் வாங்கிக்கொண்டுதான் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அணை மதகில் நுரை பொங்குகிற படத்தை வருடா வருடம் செய்தித்தாளில் பார்க்கிறீர்கள். கீழே கிருஷ்ணகிரி அணை, பாரூர் ஏரி, அப்புறம் சாத்தனூர். குடிநீருக்கு அந்த ஆற்றை நம்ப முடியாமல், நிலத்தடி நீரில் ஃபுளோரைடும் இருந்ததால்தான் ஜப்பான் கடனில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-இல் தொடங்கிவைத்தார்கள். ஒரு பூங்காவுக்கு எத்தனை லட்சம் லிட்டர் வேண்டும் என்று தனித்தனியாகக் கணக்குப் போடுகிறோம். ஐந்து பூங்காவையும் கூட்டினால் ஆறு தாங்குமா என்ற கூட்டல் வேறொருவர் வேலை என்று விட்டுவிடுகிறோம். ஊத்தங்கரைக்கு என்று இருப்பது பாம்பாறு அணை, அதன் அளவு உங்களுக்கே தெரியும். தண்ணீரை அதிகம் குடிக்கிற சாயத் தொழில், ரசாயனத் தொழில் உங்கள் பக்கம் வரக்கூடாது என்று நான் தயங்காமல் சொல்வேன்.

தண்ணீர் இல்லாத ஊர் என்பதால் வெள்ளம் வராது என்று நினைக்கவும் முடியாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியதை நீங்கள் நேரில் பார்த்திருப்பீர்கள். ஏரி நிரம்பி வழிந்து, நிறுத்தியிருந்த வண்டிகளைப் பொம்மை போல அடித்துக்கொண்டு போனது. அந்த ஏரிகளெல்லாம் ஒன்றுக்கொன்று கோத்தவை. மேலேரி நிறைந்தால் கீழேரிக்கு ஓடை. நடுவில் 500 ஏக்கரை இரண்டு மீட்டர் உயர்த்தி மேடாக்கினால் ஓடை எங்கே போகும்? நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் (பெயர் வேண்டாம்) கோடையில் அளவெடுத்தோம். புல வரைபடத்தில் மெல்லிய கோடாக இருந்த ஓடை, நிலத்தில் வெறும் வண்டிப்பாதை மாதிரித் தெரிந்தது. அதை ஒன்றரை மீட்டர் குழாயாகச் சுருக்கி வரைந்தோம், நானும்தான் கையெழுத்துப் போட்டேன். இரண்டாவது மழைக்காலத்தில் ஆலைக்குள் முழங்கால் தண்ணீர், பக்கத்துக் காலனியில் இடுப்பளவு. ஊர்ப் பெரியவர் ஒருவர் அளவெடுக்கும் நாளிலேயே "இது தண்ணி போற தடம் சார்" என்று சொன்னார். எழுதிக்கொண்டேன், வரைபடத்தில் சேர்க்கவில்லை. 2023-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய நில ஒருங்கிணைப்புச் சட்டம் 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டங்களுக்கு நடுவில் ஏரி, ஓடை வந்தால் அவற்றையும் சேர்த்து ஒப்படைக்க வழி செய்கிறது. நீர்க் கொள்ளளவு குறையக்கூடாது என்று அதில் நிபந்தனை இருக்கிறது. ஒன்றரை மீட்டர் குழாய்க்குக் கையெழுத்துப் போட்டவன் என்பதால், அந்த நிபந்தனையைப் படிக்கும்போது எனக்கு நிம்மதி வரவில்லை.

நிலமும் நெடுஞ்சாலையும் இருந்தால் வேலை வந்துவிடும் என்பதும் உறுதியில்லை. திருநெல்வேலி மாவட்டத்தில் நாங்குநேரியில் 2,500 ஏக்கர் அளவுக்குச் சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று ஒதுக்கி, பெரும்பகுதி ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்தது. அதே மாவட்டத்தில் வடக்கே கங்கைகொண்டான் சிப்காட் மெதுவாகத்தான் நிரம்பியது, ஆனால் நிரம்பியது. இப்போது டாடா பவரின் சூரியத் தகடு ஆலை அங்கே ஓடுகிறது. இரண்டுமே ஒரே நெடுஞ்சாலையில் இருப்பவை. ஒரே மேம்பாட்டாளரை நம்பிக் காத்திருந்ததற்கும், துண்டு துண்டாகப் பலருக்குக் கொடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் என்று நான் நினைக்கிறேன். வேறு காரணம் சொல்பவர்களும் உண்டு. வந்த வேலை தங்கும் என்பதற்கும் உறுதி இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006-இல் தொடங்கி 2014 நவம்பரில் மூடியது. பெரிய கம்பெனி ஒன்று வந்தது என்பதைவிட, எத்தனை வகைக் கம்பெனி வந்தது என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று, இதில் எனக்குக் கோபமே உண்டு. ஆலைக்கு இடம் ஒதுக்குகிறோம், அதில் வேலை செய்பவர் எங்கே தூங்குவார் என்று கேட்பதில்லை. 2011 கணக்கெடுப்பில் ஓசூர் நகராட்சியின் மக்கள்தொகை ஏறத்தாழ 1.17 லட்சம். 2019-இல் அது மாநகராட்சி ஆனது. இன்று காலையில் ராயக்கோட்டைச் சாலையில் நின்று பாருங்கள், கம்பெனிப் பேருந்துகளை எண்ணி முடிக்க முடியாது. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர். வீட்டு வாடகை உள்ளூர் ஆட்களையே ஊருக்கு வெளியே தள்ளிவிட்டது. காஞ்சிபுரம் பக்கம் இந்தத் தவறு முற்றியபிறகு ஒரு திருத்தம் வந்தது. 2021 டிசம்பரில் ஒரு விடுதி உணவு கெட்டுப்போய்ப் பெண் தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அப்புறம் 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட்டே 18,720 பேர் தங்கும் விடுதியை 706.50 கோடி ரூபாயில் கட்டித் திறந்தது. நல்ல வேலைதான். ஆனால் விடுதி வீடாகாது. கல்யாணமானவர் குழந்தையோடு எங்கே இருப்பார்? இரண்டாவது ஷிஃப்ட் முடிந்து இரவு பதினொரு மணிக்கு ஊத்தங்கரை போக எந்த டவுன் பஸ் இருக்கிறது? பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து என்பது பஸ் ஓடுகிற நேரத்தில்தான் பயன்படும்.

உங்கள் பக்கத்துக்கு என்ன சாதகம் என்று கேட்டால், கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலை போகிற நெடுஞ்சாலை ஊத்தங்கரை வழியாகத்தான் போகிறது. சாமல்பட்டியில் ரயில் நிலையம் இருக்கிறது. கிருஷ்ணகிரி ஊருக்கே இன்றுவரை ரயில் இல்லை என்பதை நினைத்தால் இது சின்ன விஷயமல்ல. வேலைக்கு வெளியூர் போய்க்கொண்டிருக்கிற இளைஞர்களும் நிறைய இருக்கிறார்கள். இருநூறு முந்நூறு ஏக்கரில் நடுத்தர அளவில், தண்ணீர் குறைவாகக் கேட்கிற தொழில்களுக்கு ஒரு பூங்கா வைத்தால் பொருந்தும் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் பொருத்தம் வேறு, அறிவிப்பு வேறு. பக்கத்துத் தர்மபுரி சிப்காட் பேச்சு பத்து வருடத்துக்கு மேல் பேச்சாகவே ஓடியது.

இப்போது தோப்புக்கு வருவோம். தரகர் சொல்வதை வைத்து எதுவும் செய்ய வேண்டாம். 2024 ஜூனில் ஓசூருக்கு 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். இடம் முடிவாவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்த மூன்று திசையிலும் "இங்கேதான் வருகிறது" என்று விலை ஏற்றினார்கள். உண்மையில் நிலம் எடுப்பதென்றால் அதற்கு ஒரு தடம் இருக்கும். முதலில் நிர்வாக அனுமதி அரசாணை, அதில் கிராமமும் புல எண்களும் வரும். தமிழ்நாட்டில் தொழிலுக்கு நிலம் எடுப்பது பெரும்பாலும் 1997-ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தின் கீழ். அதில் 3(2) பிரிவின்படி நில உரிமையாளருக்கு அறிவிப்பு வந்து, ஆட்சேபணை கேட்டு, விசாரணை நடந்து, அதன் பிறகுதான் 3(1) அறிவிப்பு அரசிதழில் வரும். அது வந்தால் நிலம் அரசுடையது. 2013-இன் ஒன்றியச் சட்டத்தில் உள்ள சமூகத் தாக்க ஆய்வும் தனியாருக்கு என்றால் 80 சதவீதம் பேர் ஒப்புதலும் இந்த மாநிலச் சட்டத்தில் கிடையாது. இழப்பீட்டுக் கணக்கும் மறுவாழ்வு ஏற்பாடும் மட்டும் ஒன்றியச் சட்டத்தை ஒட்டியவை. சென்னை உயர் நீதிமன்றம் 2019-இல் இந்த ஏற்பாட்டைச் செல்லாது என்றது, அரசு அதே வருடம் புதுச் சட்டம் கொண்டுவந்து உயிர் கொடுத்தது, 2021-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. ஆக, அறிவிப்பு வந்தால் "நான் ஒப்புக்கொள்ளவில்லை" என்ற ஒரு வரியை மட்டும் நம்ப முடியாது.

அதற்காக ஆட்சேபணை வீண் என்று நினைக்காதீர்கள். கோவை அன்னூர் பக்கம் 2022-இல் 3,800 ஏக்கருக்கு மேல் எடுப்பதாக இருந்தது. விவசாயிகள் விடாமல் நின்றதில், கம்பெனி வசமுள்ள 1,630 ஏக்கர் தரிசு மட்டும் போதும் என்று அரசு இறங்கி வந்தது. எல்லா இடத்திலும் அப்படி நடக்காது. செய்யாறு பக்கம் மேல்மாவில் போராடிய விவசாயிகள் மேல் 2023-இல் குண்டர் சட்டமே பாய்ந்தது, பிறகு திரும்பப் பெற்றார்கள். என் அனுபவத்தில் திட்டம் முழுதாக ரத்தாவது அபூர்வம், எல்லை நகர்வது அடிக்கடி நடக்கும். நகர்த்துகிற ஆட்சேபணை எப்படி இருக்கும் என்றால், இன்ன புல எண்ணில் இன்ன கிணறு, இத்தனை மரம், இந்த ஓடை இந்த ஏரிக்குப் போகிறது என்று குறிப்பாக இருக்கும். பொதுவாக எழுதிய மனு கோப்பின் அடியில் போய்விடும்.

தரகரிடம் பவர் பத்திரம், அதாவது உங்களுக்குப் பதிலாக அவரே விற்கலாம் என்கிற அதிகாரப் பத்திரம், மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு பவர் கொடுத்தவர்கள், பிறகு விலை ஏறும்போது வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றதை நிறையப் பார்த்துவிட்டேன். விற்க வேண்டிய தேவை வீட்டில் இருந்தால் தோப்பாகவே விற்கலாம், சிப்காட் வரும் என்பதற்காகவோ வராது என்பதற்காகவோ விற்க வேண்டியதில்லை. நான் என்றால் இப்போதைக்கு விற்க மாட்டேன்.

விற்கிறீர்களோ இல்லையோ, செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். தாத்தா பெயரிலோ, பங்காளிகளோடு கூட்டுப் பட்டாவாகவோ இருந்தால் இன்றே பிரித்து அப்பா பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். நிலம் எடுக்கப்பட்டு, பட்டாச் சிக்கலால் இழப்பீடு வருடக்கணக்கில் முடங்கிய குடும்பங்களை இந்த மாவட்டத்திலேயே எனக்குத் தெரியும். அப்புறம் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் அடங்கலை, அதாவது எந்தப் புல எண்ணில் என்ன பயிர் என்று எழுதும் கணக்கை, பாருங்கள். காய்க்கிற மாமரத்துக்குத் தனி மதிப்பு உண்டு, கிணற்றுக்கும் ஆழ்குழாய்க்கும் உண்டு, ஆனால் பதிவில் இருந்தால்தான் பேச முடியும். பல கிராமங்களில் பழைய பதிவை அப்படியே பார்த்து எழுதிவிடுகிறார்கள். தோப்பு வைத்துப் பதினைந்து வருடமாகியும் அடங்கலில் "மானாவாரி, தரிசு" என்றே இருக்கும். உங்கள் அப்பாவின் மூன்று ஏக்கர் இந்தப் பசலியில் (வருவாய்த்துறைக் கணக்கு ஆண்டில்) என்னவென்று எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் தம்பி, மேற்கொண்டு பேசலாம்.